பதின்மூன்றும் முப்பதும்

அநியாயம் நடந்தது எனக்கு. பெயர் எழில்மதி, வயது இருபத்தாறு, புவியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வில் நான்காவது வருஷம். செய்தவர் என் கைடு, பேராசிரியர் குலசேகரன். செய்தது என்னவென்றால், நான் எழுதிய கட்டுரையைக் கருத்தரங்கில் வாசிக்க நான் போகவேண்டிய, ஆப்பிரிக்காவுக்கும் அந்தப் பக்கம் இருக்கிற சாவோ பாவ்லோ நகரத்துக்கு, எனக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரு பொய்யை எழுதி அனுப்பிவிட்டு, அவர் போய்க்கொண்டிருக்கிறார். போய்விட்டார் என்று சொல்ல மாட்டேன், போய்க்கொண்டிருக்கிறார், ஏனென்றால் இன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, மதுரையில் ஒரு கல்லூரியின் பன்னிரண்டாம் எண் அறையில் தொலைநிலைக் கல்வித் தேர்வு எழுத வந்திருக்கும் முப்பத்திரண்டு பேருக்கு நான் விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருக்கிற இந்த நிமிஷத்தில், அவர் தோஹா விமான நிலையத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், அங்கே மணி ஏழரை, அவருடைய அடுத்த விமானம் நம்முடைய பத்தே முக்காலுக்கு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், டிக்கெட் போட்டதே நான்தான். முப்பத்தொன்றாம் வரிசை, ஜன்னலோரம். "ஜன்னல் சீட்டாப் பாரும்மா, ஆப்பிரிக்காவ மேல இருந்து பாக்கணும்" என்றார், முப்பது வருஷமாக ஆப்பிரிக்காவைப் பாடம் நடத்துகிறவர். பார்க்கட்டும். சைவச் சாப்பாடு என்று குறித்ததும் நான்தான். பெட்டி எத்தனை கிலோ என்று படித்துச் சொன்னதும் நான்தான். எல்லா ஆய்வு மாணவிகளும் செய்வதுதான், கைடு வீட்டு கேஸ் புக் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை என்று சொல்ல வந்தேன், இருக்கிறது, ஆனால் அது இன்றைய வழக்கு இல்லை.

இன்றைய வழக்கு பதின்மூன்றும் முப்பதும். துறையில் டீ குடிக்கும்போது நாலு பேர் முன்னால் அவர் சொன்னார், "காலைல நாலு மணிக்கு சென்னைல ஏறுனா அன்னைக்கே சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்க இறங்கிடலாம், பதிமூணு மணி நேரம், திருப்பதி போய்ட்டு வர்ற மாதிரிதான்." எல்லாரும் தலையாட்டினார்கள், புவியியல் துறை, உலக உருண்டை ஒன்று அலமாரி மேல் தூசியோடு உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கீழே நின்றுகொண்டு தலையாட்டினார்கள். இரண்டு ஊருக்கும் கடிகாரத்தில் எட்டரை மணி நேரம் வித்தியாசம், நாம் முன்னால், அவர்கள் பின்னால். மேற்கே போகிறவனுக்கு அந்த எட்டரை கழிந்துவிடும், கழிந்ததுபோல் கடிகாரம் காட்டும். திரும்பி வரும்போது அதே எட்டரை கூடும், வியாழன் விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே ஏறினால் வெள்ளி காலை ஒன்பதுக்கு இங்கே, டிக்கெட்டில் பார்த்தால் முப்பது. போனாலும் வந்தாலும் உடம்பு உட்கார்ந்திருப்பது இருபத்தொன்றரை மணி நேரம். நேர்கோட்டில் பதினாலாயிரத்து முந்நூறு கிலோமீட்டர், தோஹா சுற்றிப் போனால் பதினைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. இது பத்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் நான் போவதாக இருந்தபோது அவர் சொன்னது முப்பது. "முப்பது மணி நேரம்மா, நீ தாங்க மாட்ட, நடுவுல தெரியாத ஊர்ல தனியா உக்காந்திருக்கணும்." அவர் போவதாக ஆனதும் பதின்மூன்று. அதே விமானம், அதே தோஹா, அதே நாற்காலி. பெண் உட்கார்ந்தால் முப்பது, பேராசிரியர் உட்கார்ந்தால் பதின்மூன்று. தெரியாமல் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன், திருத்தக்கூட வாயைத் திறந்தேன், பிறகுதான் புரிந்தது, ஒரே பயணத்துக்கு ஒரே ஆள் இரண்டு பொய்க்கணக்கை, இரண்டையும் தனக்குச் சாதகமாகவே, தெரியாமல் சொல்லிவிட முடியாது. தெரியாதவன் ஒரு தடவையாவது தனக்குப் பாதகமாகத் தப்பு விடுவான்.

"மேடம், ரெஜிஸ்டர் நம்பர் எங்க எழுதணும்?" மூன்றாவது பெஞ்சில் நகைக்கடைச் சட்டை போட்ட ஒருவர், பாக்கெட்டில் கடைப் பெயர் பின்னியிருக்கிறது, நேராகக் கடைக்குப் போவார் போல. காட்டினேன். மின்விசிறி சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டுத் தட்டுகிறது. கூடுதல் தாள் கட்டுகிற வெள்ளை நூலை விரலில் சுற்றிக்கொண்டே நடக்கிறேன், சுற்றி இறுக்கி விரல் நுனி சிவக்கிற வரைக்கும், பிறகு அவிழ்த்து மறுபடியும். தப்பு என்னிடமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் வாதம் நிற்காது. கட்டுரைச் சுருக்கத்தைப் போன அக்டோபரில் அனுப்பியபோது ஆசிரியர் பெயர் என்ற கட்டத்தில் முதலில் அவர் பெயரைப் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. எங்கள் துறையில் கைடு பெயர் முதலில், பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி, கை தானாகப் போகும். நான்கு வருஷத்தில் அறிக்கை, சுவரொட்டி, கேள்வித்தாள் என்று எதில் பெயர் எழுதினாலும் அப்படியே எழுதிப் பழகின கை. அந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரியுமா? அவர்கள் முதல் பெயரை முதல் ஆளாக எடுத்துக்கொண்டார்கள், அழைப்பு அவருக்குப் போனது, பயணச் செலவு தருகிறோம் என்ற வரியும் அவருக்கே போனது. வாசிப்பவர் என்ற இடத்தில் மட்டும் என் பெயர் இருந்தது. அதை மாற்ற ஒரு காரணம் வேண்டியிருந்தது, என் உடம்பைக் காரணமாக்கினார். என் உடம்பை. கடமலைக்குண்டுப் பக்கம் பதினான்கு கிராமம், முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள், சித்திரை வெயிலில் நடந்தே போய்க் கேட்டு எழுதிய உடம்பு. அந்த இரண்டு மாசத்தில் இவர் ஒருநாள் காரில் வந்து, இளநீர் குடித்துவிட்டு, "நல்லா பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டுரை எதைப் பற்றி என்பதை நினைத்தால் சிரிக்க வேண்டும் போல இருக்கிறது, சிரிக்க வரவில்லை. பெண்களுக்குத் தூரம் என்பது கிலோமீட்டர் இல்லை என்பதுதான் கட்டுரை. அரசு ஆஸ்பத்திரிக்குப் பதினேழு கிலோமீட்டர், ஆம்பளை பைக்கில் நாற்பது நிமிஷம், அதே ஊர்ப் பெண்ணுக்கு மூன்றேகால் மணி நேரம். பஸ்ஸுக்குக் காத்திருப்பது கொஞ்சம், துணைக்கு ஆள் தேடுவது கொஞ்சம், மீதியெல்லாம் வீட்டில் கேட்டுச் சம்மதம் வாங்குகிற நேரம். அதற்கு என் அட்டவணையில் தனிக் கட்டம் போட்டு 'கேட்கும் நேரம்' என்று பெயர் வைத்தேன். ஒரு அம்மா சொன்னது, கீரை ஆய்ந்துகொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்: "ஆசுபத்திரி பக்கந்தான் தாயி. அந்த மனுசன் சரின்னு சொல்றதுதான் தூரம்." இதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினபோது குலசேகரன் சார் சிவப்புப் பேனாவால் அந்தக் கட்டம் முழுவதையும் அடித்தார். "இதெல்லாம் ஜியாகிரபி இல்லம்மா, சோஷியாலஜி." அவர் அடித்த கட்டத்தை நான் எடுக்கவில்லை, அப்படியே வைத்து அனுப்பினேன், அந்தக் கட்டத்துக்காகவே கட்டுரையை எடுத்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. இப்போது அது, செவ்வாய்க்கிழமை அவர் அங்கே காட்டப் போகிறதில், ஒன்பதாவது ஸ்லைடு. "அந்த ஒன்பதாவத கொஞ்சம் பெருசாப் போடும்மா, கீழ என்ன பேசணும்னு எழுதிடு." எழுதினேன். கீரை ஆய்ந்த அம்மாவின் வாக்கியத்தை இங்கிலீஷில் எழுதி, எங்கே நிறுத்திப் பேச வேண்டும் என்பதற்குக் கோடும் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோட்டில் நிறுத்துவார். சபை அமைதியாகும். அமைதி அவருக்குப் போகும்.

வாசலில் ரூபன். அடுத்த அறை அவனுக்கு, அவனும் எங்கள் கைடிடம்தான், நேற்று சாரை ரயில் ஏற்றிவிட்டு வந்ததே அவன் பைக்கில்தான், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சார் பின்னால் உட்கார்ந்து போனாராம். "என்ன எழிலு, ப்ளேன் கெளம்பிருச்சா?" "இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு." "பைலட்டுக்கே இவ்ளோ கரெக்ட்டாத் தெரியாது." "நீ உன் ரூமுக்குப் போ, பிட்டு அடிச்சிருவாங்க." "அடிக்கட்டும், பாவம், வாரம் பூரா கடையில நின்னவங்க." பிறகு குரலை இறக்கி, "அந்தப் பொம்பளைக்குப் பதில் போட்டியா?" போடவில்லை. அந்தப் பொம்பளை என்பது மரிலேனி, கருத்தரங்கை நடத்துகிறவர்களில் ஒருத்தி, வியாழக்கிழமை எனக்கு நேராக எழுதினாள், அதனால்தான் பொய்யே எனக்குத் தெரிய வந்தது. 'நீண்ட பயணத்துக்கு உங்கள் உடல்நிலை இடம் தரவில்லை என்று உங்கள் பேராசிரியர் எழுதியிருக்கிறார், வருந்துகிறோம், அவரே வாசிப்பார் என்பதை நீங்கள் உறுதிசெய்தால் பெயரை மாற்றி அச்சுக்குக் கொடுத்துவிடுவோம், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.' கீழே இன்னொரு வரி, வர முடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே திரையில் பேசலாம் என்று. அழைப்பிலேயே எழுதியிருந்தோமே என்றும். அதைச் சார் என்னிடம் சொன்னதே இல்லை. மூன்று நாளாக அதைத் திறக்கிறேன், மூடுகிறேன். "என்ன போடப் போற?" என்றான் ரூபன். "தெரியல." "ஆமான்னு ஒரு வார்த்தை போட்டுட்டு விடு. இன்னும் ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்க. முன்னாடி டாக்டர்னு போட்டுக்கிட்டு அப்புறம் வீட்ல உக்காந்து நாள் முழுக்கத் திட்டு, யாரு கேக்கப் போறா." "அதத்தான் நானும் சொல்றேன், யாரும் கேக்க மாட்டாங்க." "தர்க்கம் பண்ணியே சாகப் போற நீ" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்லவன். அவன் கட்டுரையிலும் முதல் பெயர் சாருடையதுதான். ஆனால் அவனைக் கொச்சிக்கும் டெல்லிக்கும் அனுப்பினார், அப்போதெல்லாம் அவன் அப்பாவுக்கு யாரும் போன் போடவில்லை.

என் அப்பாவுக்குப் போட்டார். இங்கேதான் என் நினைப்பு போய்ப் போய் முட்டுகிறது, சேலை முள்ளில் மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும் என்று தெரிந்தும் இழுக்கிறேன். என்னைக் கேட்கவில்லை, எனக்குச் சொல்லவில்லை, தேனியில் இருக்கிற அப்பாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அப்பா டிப்போவில் டைம் கீப்பர், எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று முப்பத்தோரு வருஷமாக எழுதுகிறவர். சாயங்காலம் போன் செய்தார். "அம்மாடி, சாரு பேசுனாரு." "எந்த சாரு?" "ஒங்க பெரிய சாருதான். ரொம்பத் தன்மையாப் பேசுனாரு. முப்பது மணி நேரமாமே." "இருபத்தொண்ணரைப்பா." "சாரு முப்பதுங்கிறாரு." "அப்பா, குமுளி வண்டி லேட்டா வந்தா கண்டக்டர் சொல்றத எழுதுவீங்களா, கடிகாரத்தப் பாத்து எழுதுவீங்களா?" பின்னால் ஒரு பஸ் ரிவர்ஸ் எடுக்கிற விசில் கேட்டது. "சாரு படிச்சவருடா. நடுவுல பாஷை தெரியாத ஊர்ல நிக்கணுங்கிறாரு. நான் சரிங்க சார், நீங்க பாத்துச் செய்ங்கன்னு சொல்லிட்டேன்." சொல்லிட்டேன். முடிந்தது. என் பாஸ்போர்ட் அப்போது மேசை மேல் இருந்தது, ஒரு முத்திரைகூட இல்லாமல், பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் நோட்டு மாதிரி. நான் அப்பாவிடம் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும். என் அட்டவணையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கு ஒரு கட்டம் போட்டேனே, முந்நூற்றுப் பதின்மூன்றாவது வரிசையில் என் பெயரை எழுதிக்கொள்ளலாம், கேட்கும் நேரம் எவ்வளவு, ஒரு போன் பேசுகிற நேரம், ஏழு நிமிஷம், கேட்டவர் நான் இல்லை, கேட்கப்பட்டதும் நான் இல்லை.

பத்தரை மணி அடித்தாகிவிட்டது. அரை மணி நேரத்துக்குப் பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. அடித்து ஆறு நிமிஷம் கழித்து ஒரு பெண் வந்து நின்றாள், நாற்பது வயசு இருக்கும், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, கையில் ஒரு துணிப்பை, ஹால் டிக்கெட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தாள், மூச்சு வாங்கியது. "லேட்டாயிருச்சு மேடம்." நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை, என் வாயிலிருந்து வந்தது: "முப்பது நிமிஷம் தாண்டியாச்சு. உள்ள விட முடியாது." "மேகமலைல இருந்து வர்றேன் மேடம், எஸ்டேட்டுல பால்வாடி டீச்சர். முத பஸ்ஸு பஞ்சர்." "அதுக்குத்தான் முதல் நாளே வந்து தங்கணும்." இதைச் சொன்னது நான். எங்கே தங்குவாள், யார் வீட்டில், யாரைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் யோசிக்காமல், நல்லா பண்ணும்மா என்கிற அதே தன்மையான குரலில், தூரத்திலிருந்து வருகிறவளுக்குத் தூரத்தைக் குற்றமாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. அவள் அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன், கெஞ்சினால் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன், அந்த நினைப்பும் கேவலமானதுதான். அவள் கெஞ்சவில்லை. பையைக் கீழே வைத்தாள். "சரிங்க மேடம். விட முடியாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, மணி போட்டு, கையெழுத்துப் போட்டுத் தாங்க." "எதுக்கு?" "வீட்லயும் சூப்பர்வைசர்ட்டயும் காட்டணும். நான் வந்தேன்னு இருக்கணும்ல. இல்லாட்டி பரிச்சைக்கின்னு போயிட்டு ஊரச் சுத்திட்டு வந்தான்னு ஆகிரும். நீங்க எழுதிக் குடுங்க, நான் போயிர்றேன்." கோபமே இல்லை அவளிடம். அரிசிக் கடையில் ரசீது கேட்கிற மாதிரி கேட்டாள்.

எழுத முடியவில்லை. பேனாவைத் திறந்தேன், வெள்ளைத் தாளை எடுத்தேன், 'இந்தத் தேர்வரை அனுமதிக்க' என்று ஆரம்பித்து அதற்கு மேல் என் கை போகவில்லை. வாயால் சொல்ல ஒரு நொடி ஆனது, அதையே எழுதி என் பெயரைக் கீழே போட வேண்டும் என்றால், போட முடியவில்லை. முதன்மைக் கண்காணிப்பாளர் அழகர்சாமி சார் அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மேசை ஓரத்தில் எங்கள் எல்லாருடைய போன்களும் ஒரு அட்டைப் பெட்டியில் கிடந்தன. "லேட்டா? அனுப்பிவிட வேண்டியதுதானேம்மா." "எழுதித் தரச் சொல்றாங்க சார்." "எத?" "அனுமதிக்கலன்னு. மணி போட்டு, கையெழுத்தோட." அவர் சுண்டல் பொட்டலத்தை மூடி வைத்தார். அந்தப் பெண்ணை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "ஒம் பேரென்ன தாயி?" "பேச்சியம்மாளுங்க." "எத்தனாவது வருசம்?" "கடேசி வருசம். இது ஒரு பேப்பர்தான் பாக்கி." அவர் என்னைப் பார்த்து, "எழுதிக் குடுத்தா அது நாளைக்கு எங்கெங்க போயி நிக்கும்னு யாருக்குத் தெரியும், வம்பு நமக்குத்தான். ஆறு நிமிசம்தான, ஒங்க அறைக் கடிகாரம் வேகமா ஓடுதுன்னு வைங்க. போயி உக்காரச் சொல்லுங்க." அவ்வளவுதான். கருணை இல்லை, நியாயம் இல்லை, பயம். ஒரு தாளுக்கு இவ்வளவு பயப்படுகிறார்களா? நான்கு வருஷமாக எனக்கு யாரும் எதையும் எழுதித் தந்ததில்லை. நீ போக வேண்டாம் என்பது வாயால். முப்பது மணி நேரம் என்பது வாயால், அதுவும் வேறொருவர் காதில். கட்டத்தை அடித்த சிவப்பு மைகூடக் கையெழுத்தில்லாத மை. எழுத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், எனக்கு உடம்பு சரியில்லை என்று அவர் மரிலேனிக்கு எழுதியது, அதை நான் பார்க்கவே கூடாது என்றுதான் எழுதினார்.

பேச்சியம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள், தலை நிமிரவில்லை. பத்தே முக்கால். இப்போது ஓடுபாதையில். பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று மறுபடியும் பக்கத்து ஆளைப் பார்ப்பார். எழும்பும்போது கண்ணை மூடிக்கொள்வார், சொல்ல மாட்டார் யாரிடமும். அவருக்கு இனி பதினாலே முக்கால் மணி நேரம் தரை இல்லை, போன் இல்லை, அப்பாவைக் கூப்பிட முடியாது, மரிலேனியைக் கூப்பிட முடியாது, என்னைக் கூப்பிட்டு 'என்னம்மா நீ' என்று கேட்க முடியாது. நம் கணக்கில் ராத்திரி ஒன்றரைக்கு இறங்குவார். அதற்குள் எது அச்சானாலும் ஆனதுதான். இதை நினைத்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஷகிலா அக்கா ஞாபகம். எனக்கு இரண்டு வருஷம் முன்னால் இவரிடமே சேர்ந்தவள், தன்னுடைய வரைபடங்களைக் கைடு தன் புத்தகத்தில் போட்டுக்கொண்டார் என்று துணைவேந்தர் வரைக்கும் மனு கொடுத்தவள். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். கைடு மாற்ற விண்ணப்பம் போட்டாள், அது இரண்டு வருஷம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது, இப்போது விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறாள். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "நீயாவது முடிச்சிரு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டாள். என் சினாப்சிஸில், ஆய்வேட்டுக்கு முன்னால் கொடுக்கிற சுருக்கத்தில், கையெழுத்து அவர்தான் போட வேண்டும். போடாமல் இருப்பதற்கு அவருக்குக் காரணம்கூடத் தேவையில்லை, இன்னும் கொஞ்சம் திருத்தும்மா என்றால் போதும், ஒரு வருஷம், இன்னும் கொஞ்சம், இன்னொரு வருஷம். ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் எனக்கு டாக்டர் பட்டம். இல்லை என்று எழுதினால் என்ன என்று தெரியாது. எழுதாமலே இருந்தால்? எழுதாமல் இருப்பதை அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள், முதல் பெயரை முதல் ஆளாக எடுத்துக்கொண்ட மாதிரி.

"மேடம், அடிஷனல் ஷீட்." கொடுத்தேன். "மேடம், நூலு." நூலை விரலிலிருந்து அவிழ்த்து அறுத்துக் கொடுத்தேன். பதினொன்றரை, பன்னிரண்டு. ரியாத்தைத் தாண்டியிருப்பார். சாப்பாடு வந்திருக்கும், சைவம் இவருக்கு மட்டும் முதலில் வரும், பக்கத்து ஆளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். மரிலேனிக்கு என்ன எழுதுவது என்று தலைக்குள் எழுதுகிறேன், நடந்துகொண்டே, ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவே. முதலில் எழுதினது நீளம். கடமலைக்குண்டு வெயில், சிவப்புப் பேனா, ஏழு நிமிஷ போன், பதின்மூன்று, முப்பது, எல்லாம் இருந்தது, வாதம் பிரமாதம், பட்டிமன்றம் என்றால் கைதட்டு விழும். கரும்பலகை வரை போய்த் திரும்புவதற்குள் அது எனக்கே புலம்பலாகக் கேட்டது. அவர் பொய் சொன்னார் என்று எழுதலாமா? எழுதினால் பேச்சு அவரைப் பற்றிப் போகும், அவர் யார், எவ்வளவு பெரியவர், இந்தப் பெண் ஏன் இப்படி, அதில் பத்து நாள் போகும். இந்த மூன்று நாளும் என் தலையில் அவர்தானே உட்கார்ந்திருக்கிறார், ஜன்னலோரம், என் கோபத்தில் பயணச் சீட்டு வாங்கிக்கொண்டு. பொய் என்ற சொல்லை எடுத்தேன். வருந்துகிறேன் என்ற சொல்லை எடுத்தேன், அது எப்படி உள்ளே வந்தது என்றே தெரியவில்லை, கை பழக்கம். 'தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம்', எடுத்தேன். எடுக்க எடுக்க பயம் அதிகமாகியது, சொல் குறையும்போது ஒளிய இடம் இல்லாமல் போகிறது. பேச்சியம்மாள் ஒரே ஒரு வாக்கியம்தான் கேட்டாள், மணியும் கையெழுத்தும்.

ஒரு மணி அடித்தது. விடைத்தாள்களை வாங்கி, எண்ணி, வரிசைப்படுத்தி, முப்பத்து மூன்று, கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேச்சியம்மாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "மூணு மணி பஸ்ஸு இருக்கு மேடம், வரட்டா?" என்றாள். "அப்போ நான் பேசுனது தப்பு" என்றேன். "எப்போ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். அவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. அட்டைப் பெட்டியிலிருந்து போனை எடுத்தேன். படிக்கட்டில் ரூபன் கேட்டான், "பிரியாணி சாப்பிடப் போலாமா?" "பத்து நிமிஷம்." "என்னத்தா, மொகம் ஒரு மாதிரி இருக்கு, எங்க இருக்காரு இப்போ?" "சூடானுக்கு மேல." "அங்கயே எறக்கி விட்டுட்டா நல்லாருக்கும்" என்றான். சிரிப்பு வந்துவிட்டது, மூன்று நாளில் முதல் சிரிப்பு. பிறகு அவன் என் கையிலிருக்கும் திரையைப் பார்த்தான், முகம் மாறியது. "எழிலு, சினாப்சிஸ் கையெழுத்து வாங்கிட்டுப் பண்ணலாம். ஒரு மாசம் பொறு." "ஒரு மாசத்துல அந்த மேடை இருக்காதுடா." "அவரு இங்கதான் திரும்பி வருவாரு." "வரட்டும். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு." அவன் ஒரு படி கீழே இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் மேலே ஏறி வராமல் வழியை மறித்த மாதிரி உட்கார்ந்தான். சிமெண்டுப் படி சுட்டது. ஒரே சொல்லை மூன்று தடவை திருத்த வேண்டியிருந்தது. முதலில், மரிலேனி கடிதத்தோடு அனுப்பியிருந்த, ஆசிரியர் பெயர் வரிசையைச் சரிசெய்யும் படிவத்தை நிரப்பி இணைத்தேன், என் பெயர் மேலே, அவர் பெயர் கீழே, இருக்கட்டும், அவர் பெயரை எடுக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு நகல் போகும்படி அவர் முகவரியையும் போட்டேன், டிப்போவில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்வார். குலசேகரன் சாருக்கும் ஒரு நகல், இறங்கினதும் பார்க்கட்டும். பிறகு எழுதினேன்:

'அன்புள்ள மரிலேனி, உறுதிசெய்ய முடியாது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கட்டுரை நான் எழுதியது, அதை நானே பேசுகிறேன், மதுரையிலிருந்து. செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கடிகாரப்படி சொன்னால் போதும், கணக்கை நான் போட்டுக்கொள்வேன். எழில்மதி, ஞாயிறு, பகல் ஒன்று இருபத்தாறு.'